கோசோங் ரெண்டு, முட்டை வெங்காயம் ஒண்ணு

"அண்ணே, இன்னிக்கு ஆபீஸ்ல சத்தமா?"

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். சிங்கப்பூரில், ஈசூனில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் போகிற வழியில் ஒரு பரோட்டாக் கடை உண்டு. அங்கே கல்லுக்குப் பின்னால் நிற்கிற தம்பிதான் இப்படிக் கேட்டார். புதுக்கோட்டைப் பக்கம் ஊர், இங்கே வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. கேலி ஒன்றும் இல்லை. மாவை வீசிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மழை வருமாண்ணே என்று கேட்கிற தொனியில் கேட்டார். "இல்லையே, ஏன்?" என்றேன். "முட்டை வெங்காயம் சொன்னீங்களே, அதான்" என்றார்.

முட்டையும் வெங்காயமும் வைத்த பரோட்டாதான் அது, கோசோங் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பரோட்டா. எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "சும்மா வர்ற நாள்ல ரெண்டு கோசோங், ஒரு தே, அதோட எந்திரிச்சிருவீங்க. கோசோங்கை முடிச்சிட்டு முட்டை வெங்காயம் சொன்னீங்கன்னா ஏதோ பிரச்சினைன்னு அர்த்தம். அப்புறம் மீ கோரிங் சொல்வீங்க, மைலோ டைனோசர் சொல்வீங்க. நான் முட்டையை உடைக்கிறப்பவே உள்ள மைலோவுக்குச் சொல்லிடுவேன், நேரம் மிச்சம் பாருங்க." சொல்லி வாய் மூடவில்லை, மைலோ வந்துவிட்டது. மேலே கரையாத தூள் ஒரு குன்று மாதிரி. நான் இன்னும் கேட்கவே இல்லை.

சிரித்து மழுப்பினேன். மைலோவைக் குடித்தேன், மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸும் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. என் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியாது. பலதுறை மருந்தக டாக்டருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் கேட்டிருந்தால் "வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தத் தம்பி ஆர்டரை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

காத்திப் வருவதற்கு முன்

அதற்கு முன்னால் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றும். கடையில் சாப்பிடுவது குற்றமில்லை. கடையில் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் நின்று வாயைத் துடைத்து, சட்டையில் சம்பல் தெறித்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு மேலே போய், மனைவி எடுத்து வைத்த சாப்பாட்டையும் சாப்பிடுவதுதான் என் வழக்கம். ஒரு நாளில் இரண்டு இராச்சாப்பாடு. கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படி ஓடியது. ரசீதைக் கடை வாசலிலேயே கிழித்துப் போடுவேன். கள்ளத் தொடர்பு வைத்திருக்கிற ஆள்கூட இவ்வளவு கவனமாக இருப்பானா என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எம்ஆர்டியின் வடக்கு தெற்குத் தடத்தில் தினமும் போய் வருபவர்களுக்குத் தெரியும், இயோ சூ காங் நிலையத்தை விட்டால், ஈசூனுக்கு முந்தின நிலையமான காத்திப் வருவதற்குள் ஒரு நீண்ட இடைவெளி. கதவு திறக்காது, ஆள் ஏறாது இறங்காது, இரண்டு பக்கமும் மரம், இருட்டு, கண்ணாடியில் உங்கள் முகம் மட்டும். எனக்குப் பரோட்டா நினைப்பு வருவது அந்த இடத்தில்தான். ராஃபிள்ஸ் பிளேஸில் ஏறும்போது பசி கிடையாது. அங் மோ கியோ வரைக்கும் கிடையாது. அந்த இருட்டுக்குள் ரயில் நுழைந்ததும் சாயங்காலக் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு வாக்கியம் திரும்ப ஓடும், நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் அழகாக, சுத்தமான ஆங்கிலத்தில், மூன்று மணி நேரம் தாமதமாக நாக்கில் வந்து நிற்கும், அதற்குப் பின்னாலேயே கல்லில் நெய் காய்கிற வாசனையும் வரும். வாசனை நிஜமா என்ன, ரயிலுக்குள் ஏது நெய்.

பசி ஏன் கூட்டத்தின்போது வராமல் இத்தனை நேரம் கழித்து வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் புதிர். படித்துப் பார்த்தபோது உடம்பின் கணக்கு அப்படித்தான் என்று தெரிந்தது. சண்டை நடக்கும் நேரத்தில் அட்ரினலின் பாய்கிறது, அப்போது வயிற்றுக்கு வேலை இல்லை, பசி அடங்கிவிடும். பரீட்சை அன்று காலையில் இட்லி இறங்காதே, அது மாதிரி. அதற்குப் பிறகு கோர்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் வருகிறது. அது சீக்கிரம் இறங்கினால் தொல்லை இல்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஏறியே இருந்தால், செலவழித்ததைத் திரும்ப நிரப்பு என்று பசியைக் கிளப்பும், அதுவும் கீரை கேட்காது, மாவும் கொழுப்பும் இனிப்பும்தான் கேட்கும். உடம்பைப் பொறுத்தவரை நான் ஏதோ புலியிடமிருந்து ஓடித் தப்பித்து வந்திருக்கிறேன். நான் ஓடவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்பது அதற்குத் தெரியாது. தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். இராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுகிற எனக்கு இரண்டும் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க டாக்டர் தேவையில்லை.

வாயைக் கட்டு

நம் வீடுகளில் இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு, இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். மனசு சரியில்லையா, நல்லாச் சாப்பிட்டுட்டுப் படு, காலைல எல்லாம் சரியாயிடும் என்பது ஒன்று. வாயைக் கட்டுப்பா, நாக்கு கேக்குறதெல்லாம் குடுத்தா இப்படித்தான் என்பது இன்னொன்று. என் அம்மா இரண்டையும் ஒரே நாளில் சொல்லக்கூடியவர். எது என்பது என் முகத்தைப் பார்த்து ஒன்று, வயிற்றைப் பார்த்து ஒன்று.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இரும்புத் தகடும் வெயிலும். அவர் சாப்பிட்ட சோறு மலை மாதிரி இருக்கும், அது அவருக்குத் தேவையாகவும் இருந்தது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் சோறு மட்டும் அதே மலை, அடுத்த சில வருஷங்களில் சர்க்கரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு அளவு என்பது இன்றும் அந்தப் பட்டறை அளவுதான், நான்தான் பட்டறைக்குப் போகவில்லை. 2017 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு என்று அவர் சொன்னபோது நாங்கள் குடும்பமாகத் தொலைக்காட்சி முன்னால் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தோம். யாரும் முறுக்கைக் கீழே வைக்கவில்லை. அம்மா மட்டும் அப்பாவைப் பார்த்து "கேட்டுக்கங்க" என்றார்.

என் முறை 2023 தொடக்கத்தில் வந்தது. பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடை கூடுதல். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23க்கு மேல் போனாலே கவனம், 27.5ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்பது இங்கே கணக்கு. என்னுடையது 28 சொச்சம். சரி என்று வாயைக் கட்டினேன். காலையில் கறுப்புக் காப்பி, மதியம் சாலட், சாயங்காலம் ஒன்றுமில்லை. பானங்களில் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று எழுத்து போட ஆரம்பித்த புதிது அது, 2022 டிசம்பர் 30 முதல். கடையில் ஒவ்வொரு டின்னையும் திருப்பிப் பார்த்து ஏ போட்டதை மட்டும் வாங்குவேன், ஏதோ பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி. அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். நாலு கிலோ குறைந்தது.

பதினேழாவது நாளோ பதினெட்டாவது நாளோ, இயோ சூ காங் தாண்டி இருட்டு வந்தது. அன்று சாப்பிட்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் பரோட்டாவைப் பாதி தின்றதுமே, சரி கெட்டது கெட்டுப்போச்சு, இனிமே ரெண்டா இருந்தா என்ன ஆறா இருந்தா என்ன என்று தோன்றியது. ஒரு கோசோங் 200 கலோரிக்கு மேல். ஒன்றோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. விரதம் முறிந்துவிட்டது என்ற எண்ணம்தான் மிச்சம் ஐந்தையும் தின்னவைத்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது அப்படி நடந்தது, நாலு கிலோ ஏழாகத் திரும்பி வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மறுத்த, ஆரோக்கியமான 36 இளைஞர்கள், ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்கள் என்ன ஆனார்கள் என்று படித்தபோது என்னைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது. இருபத்து நாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பது, தட்டை நக்குவது. சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்த பிறகும் பலரால் நிறுத்த முடியவில்லை, வயிறு வெடிக்கிற மாதிரி தின்றும் பசி தீரவில்லை. கட்டுப்பாடு இல்லாத ஆட்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, கொள்கைக்காகத் துப்பாக்கி தூக்க மறுத்தவர்கள். வாயைக் கட்டு என்று இனிமேல் யாராவது சொன்னால் இந்த 36 பேரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கைப்பேசிக் குறிப்பு

தம்பியின் கேள்விக்குப் பிறகு நான் செய்தது பெரிய காரியமில்லை. கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்தேன். கலோரி எழுதவில்லை, என்ன தின்றேன் என்றுகூட எழுதவில்லை. முட்டை வெங்காயம் கேட்ட நாட்களில் மட்டும், அன்று சாயங்காலம் என்ன நடந்தது, மதியம் சாப்பிட்டேனா, இரண்டு மட்டும். இரண்டரை மாதத்தில் பதினாலு நாள் சேர்ந்தது. நான் எதிர்பார்த்தது, வேலை அதிகமான நாட்கள் வரும் என்று. சரக்குக் கப்பல் ஆவண வேலை எனக்கு, மாதக் கடைசியில் தலை நிமிர முடியாது. ஆனால் மாதக் கடைசி நாட்கள் அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினாலில் ஒன்பது வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குத் தலைமை அலுவலகத்தோடு காணொளிக் கூட்டம் நடக்கும் நாள். ஒன்பதிலும் கிட்டத்தட்ட ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன். 'ஒன்றும் சொல்லவில்லை.' கப்பல் தாமதத்துக்கு எங்கள் பிரிவைக் காரணம் காட்டினார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய திட்டத்தை இன்னொருவர் தன் பெயரில் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு என்ற இடத்தில் ஏழு தடவை 'கறி பஃப்'. லாவ் பா சாட் உணவங்காடியில் வரிசை நீளம் என்று ஒரு கறி பஃப்போடு முடித்துக்கொண்ட நாட்கள்.

சத்தமா என்று அவர் கேட்டது தப்பு. சத்தமே இல்லாததுதான் தொல்லை. வாயைக் கட்டு என்று எனக்கு எல்லாரும் சொன்னார்கள், நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஐந்தரை மணிக்கு. கட்டின வாய் ஒன்பதரைக்கு அவிழ்ந்தது.

இதைக் கண்டுபிடித்த உடனே கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன் என்று எழுத ஆசை. இல்லை. அடுத்த வியாழன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், அந்தத் திட்டத்தின் முதல் வரைவை நான் அனுப்பிய தேதி இது, என்று. குரல் நடுங்கியது. யாரும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அன்றும் பரோட்டாக் கடைக்குப் போனேன், இரண்டு கோசோங்கோடு எழுந்தேன். இதை வைத்துப் பெரிய தத்துவம் பண்ண வேண்டாம், அதற்கடுத்த வியாழன் பேசிவிட்டும் மீ கோரிங் தின்றேன்.

மதியச் சாப்பாடு வேறு விஷயம், அது உடனே வேலை செய்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள் அவ்வளவு சாதாரணமாக. பதினொன்றே முக்காலுக்கே இறங்கிப் போய் சோறு, மீன், ஒரு காய் என்று சாப்பிட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் நாலரைக்கு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கடலை. ஒரு வருஷம் சாலட்டோடு மல்லுக்கட்டியதற்குப் பதில் இதைச் செய்திருக்கலாம். உண்மையான பசியும் மனப் பசியும் சேர்ந்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றை மதியமே தீர்த்துவிட்டால் இன்னொன்றோடு பேசிப் பார்க்கலாம்.

பேசிப் பார்ப்பது என்றால், ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வழி உண்டு. ஆசை அலை மாதிரி, ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், எதிர்த்து நிற்காமல் அதன் மேலேயே மிதந்து வேடிக்கை பார் என்பார். ரயிலில் இது எனக்கு வேலை செய்கிறது. காத்திப்பிலேயே இறங்கி, ஈசூனுக்கு ஒரு நிறுத்தம் நடந்தால் பெரும்பாலும் அலை இறங்கியிருக்கும். ஆனால் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, தம்பி மாவை விசிறுகிற சத்தம் காதில் விழும்போது, அலையாவது மிதப்பதாவது. அங்கே மூழ்குவதுதான். அதனால் அங்கே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மிதந்து முடித்துவிட வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடப்பது இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏராளமாகத் தின்பது, நிறுத்தவே முடியாத மாதிரி இருப்பது, பிறகு அருவருப்பு, இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்கு நோய் என்றே பெயர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தார்கள். அதற்குக் கைப்பேசிக் குறிப்பு போதாது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணும் கோளாறுகளுக்கு என்றே சிகிச்சை இருக்கிறது. நானே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பத்து நிமிஷம் கேள்வி கேட்டுவிட்டு, இப்போதைக்கு இந்தப் பக்கம், திரும்ப ஆரம்பித்தால் ஒளிக்காமல் வாருங்கள் என்றார்.

ஒளிக்காமல் என்ற சொல்தான் வீட்டில் வேலை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் சொன்னேன். கடை, இரண்டு சாப்பாடு, மின்ட், எல்லாம். கோபிப்பாள் அல்லது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, "அப்போ என் சமையல் பிடிக்காமப் போகலையா?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. வயிறு முட்ட வந்து உட்கார்ந்து நான் சோற்றை அளைந்துகொண்டிருந்ததை மூன்று வருஷமாக அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கடமைக்கு இரண்டு வாய், பிறகு வற்புறுத்திக்கொண்டு மிச்சம். புளி கூடிவிட்டதா, எண்ணெய் குறைந்துவிட்டதா என்று தேக்கா சந்தையில் கடை மாற்றி மீன் வாங்கியிருக்கிறாள், அவள் அம்மாவுக்கு போன் போட்டு நண்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்கிறாள். அந்த நண்டுக் குழம்பு எனக்கு நினைவிருக்கிறது. வியாழக்கிழமை. ஒரு காலைக்கூட உடைக்காமல், நாளைக்குச் சாப்பிடுறேன் என்று எழுந்துவிட்டேன்.

இப்போது வீட்டுக்குப் போகும்போது பசியோடு போகிறேன், பெரும்பாலும். எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ரொம்ப இல்லை. சர்க்கரை அதே எல்லையில் நிற்கிறது, தாண்டவில்லை.

போன வாரம் கூட்டத்தில் மறுபடி ஒரு விஷயம். நான் பேசினேன், பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. காத்திப்பில் இறங்கி நடந்தேன், அலை இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்து இரண்டு கோசோங் முடித்து, கையைத் தூக்கினேன். தம்பி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "ஆமாம் தம்பி, இன்னிக்குச் சத்தம்தான்" என்றேன். அவர் முட்டையை உடைத்தார், மைலோவுக்குச் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு போன் போட்டு, "எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்காத, கடையில இருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடங்கும் வரை அவள் பேசவில்லை. அப்புறம், "எத்தனையாவது?" என்றாள்.

"மூணாவது. முட்டை வெங்காயம்."

"சரி, எனக்கும் ஒண்ணு கட்டிட்டு வாங்க. மீன் குழம்பு தனியா."